எங்கள் வீட்டு நம்பர், பி.பி.

நம் வயதுக்காரர்களிடம் பி.பி. என்று சொன்னால் கை தானாகச் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரையைத் தடவும். நான் சொல்வது அந்த பி.பி. அல்ல. விண்ணப்பத்தில் தொலைபேசி எண் கேட்ட இடத்தில் பக்கத்து வீட்டு எண்ணை எழுதி, அதன் பின்னால் இரண்டு எழுத்துப் போடுவோமே, அந்த பி.பி. இந்த எண்ணில் நான் இருக்க மாட்டேன், ஆனால் என்னைக் கூப்பிட ஓடி வருகிற ஒருவர் இருப்பார் என்று அதற்கு அர்த்தம். மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவில் அப்படி ஓடியவன் நான்தான்.

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. இப்போது நினைத்தால் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல இருக்கிறது. வீட்டுக்கு வீடு நடுவில் காலி மனைகள். அவற்றில் இடுப்பளவுக்குச் சீமைக் கருவேலம். பதினொரு மணிக்கு மேல் தார்ச்சாலை நெளிய ஆரம்பிக்கும். யாராவது சைக்கிளில் வந்தால் முதலில் தலை மிதந்து வரும், பிறகு உடம்பு வரும், கடைசியில்தான் சக்கரம். கண்மாய்ப் பக்கமிருந்து வரும் காற்றில் சேறும் வேப்பம்பூவும் கலந்து மணக்கும். அந்த நேரத்தில் தெருவே மல்லாந்து தூங்கும். விழித்திருப்பவை இரண்டு: நான், எங்கள் வீட்டுத் தொலைபேசி.

கறுப்பு நிறம். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் கனம். அதற்கு அம்மா வெள்ளை நூலில் உறை பின்னிப் போட்டிருந்தாள், ஏதோ அதற்கும் குளிரும் என்பதுபோல. பேசும் பக்கத்துத் துளைகளில் காதை வைத்து முகர்ந்தால், ஆமாம், காதால்கூட முகரலாம், தெருவில் உள்ள அத்தனை பேருடைய மூச்சும் இருக்கும். வெற்றிலை, பவுடர், பீடி. எண் சுற்றும் வட்டில் ஒரு குட்டிப் பூட்டு. வருகிற அழைப்புகள்தான் ஊர்ப் பொதுவுடைமை. போகிற அழைப்புகளின் சாவி அப்பாவின் பூணூலில் தொங்கும்.

தெருவில் வேறு யாருக்கும் தொலைபேசி இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்களுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இலாகாவில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். அதை யாரும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

எங்கள் ஆள் என்றால், வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். வாசல்படி தாண்டினால் எங்களுக்கும் தமிழ்தான். செருப்பு மாதிரி, வெளியே போகும்போது மாட்டிக்கொள்வோம், உள்ளே வந்தால் கழற்றிவிடுவோம். இந்த வசதியில் ஒரு சௌகரியம் உண்டு. வீட்டில் விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போதே, விருந்தாளிக்கு எப்போது எழுந்து போக உத்தேசம் என்று சிரித்த முகத்தோடு பேசிக்கொள்ளலாம்.

எங்கள் கூடத்தில் அந்தக் கோடை முழுக்க உட்கார்ந்திருந்தவள் கொத்தனார் வீட்டு அக்கா.

கொத்தனார் உசிலம்பட்டிப் பக்கத்தவர். மழை பொய்த்த ஒரு வருடம் காட்டைப் போட்டுவிட்டு, கே.கே. நகரில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோது வந்தவர். எங்கள் வீட்டைக் கட்டியவரும் அவர்தான். கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, பின்னால் இருந்த காலி மனைக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீட்டில் குடியிருந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாவது முடித்து, தட்டச்சில் ஹையர் பாஸ் செய்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் பேனா பிடித்து வேலை பார்க்கப்போகும் முதல் ஆள் என்று கொத்தனார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் எங்கள் நம்பர், பி.பி.

ஆகவே மத்தியானச் சமையல் வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஜன்னலுக்குக் கீழே கால்களை மடக்கி உட்கார்ந்து அம்மாவுக்குக் காய் நறுக்குவாள், இல்லையென்றால் பழைய வாரப் பத்திரிகை. எதைச் செய்தாலும் விரல்கள் சும்மா இருக்காது. தொடையில், தரையில், பத்திரிகையின் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கும்.

“என்னக்கா அடிக்கிற?”

“நீ என்ன பேசுறியோ அதத்தான். மெதுவாப் பேசு, கை வலிக்குது.”

அதன் பிறகு நான் வேண்டுமென்றே வேகமாகப் பேசுவேன். அவள் விரல்கள் பறக்கும். இருவரும் சிரித்து உருளுவோம். அம்மா உள்ளேயிருந்து அதட்டுவாள். தொலைபேசி மட்டும் அவளுக்காக அடிக்காது.

அவளுக்கு வேலையே வரவில்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் சொந்தக்காரர்கள் எங்களைவிடப் பாசக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரிலிருந்து யாராவது ஒரு வேலையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். செங்கல் சூளையில் ஆள் கேட்கிறார்கள், லாரி ஷெட்டில் கேட்கிறார்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் நம் பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள், இவளும் வரட்டும். ஆடி பிறந்தால் திருப்பூருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதற்குள் மதுரையில் ஒரு நாற்காலி கிடைத்தால் தப்பித்தாள். இது எனக்கே தெரியும். அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டரில் வந்தார். அவருக்குக் கைத்தறி சங்கத்தில் வேலை. கை கழுவிய ஈரத்தோடு பூட்டைத் திறந்து அத்தை வீட்டுக்குப் பேசினார். எங்கள் மொழியில்தான்.

“நூல் கடையில் டைப்பிஸ்ட் வேலை காலி. நேற்று முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார். விளம்பரம் எதுவும் போடவில்லை, தெரிந்தவர்களிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உன் மகளை அனுப்பு. சர்டிபிகேட் இருந்தால் போதும்.”

கொத்தனார் வீட்டு அக்கா ஆறடி தூரத்தில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பார்வை அவள் மேல் பட்டபோது மரியாதைக்குச் சிரித்தாள். அவரும் சிரித்தார். போனை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

“உனக்கும் ஒரு போன் வரும்மா. கவலப்படாத.”

மனதாரத்தான் சொன்னார். அதில் சூது இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் அவர் தலைக்குள் நூல் கடையும் அந்தப் பெண்ணும் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். நடுவில் பஸ் கிடையாது.

எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. நியாயம் தர்மம் எல்லாம் பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் ஒரு ரகசியம், எதிரில் அதைக் கேட்டால் கண் விரியும் ஓர் ஆள். பன்னிரண்டு வயதில் எவன் சும்மா இருப்பான்? சாயங்காலம் காலி மனையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

“என்னடா, மூஞ்சி வெந்த கிழங்காட்டம் இருக்கு?”

“கீழவாசல்ல எங்காளுக நூல் கடை இருக்குல்லக்கா. அங்க டைப் அடிக்க ஆள் வேணுமாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போகணும்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்பா போன்ல பேசுனாருல்ல, மத்தியானம்.”

“நான் அங்கனதான உக்காந்திருந்தேன்?”

“உனக்குத்தான் எங்க பாஷை தெரியாதுல்ல.”

அவள் சுள்ளிக்கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாள், அவள் அப்பா பூசிய சுவர். பிறகு சிரித்தாள்.

“அம்புட்டு நேரமும் அதத்தான் பேசுனாரா? நான் ஏதோ துக்கச் சேதின்னு நெனச்சேன்.”

சொல்லி முடித்த மறு வினாடி எனக்குப் பயம் வந்தது. என் பயத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காது சூடாகும். அடுத்து வயிறு பேசும். கடைசியில் வாய் எதையாவது உளறும். ஐம்பது தாண்டியும் இந்த வரிசை மாறவில்லை.

“எங்கப்பா சொன்னாருன்னு சொல்லிறாதக்கா. நான் சொன்னேன்னும் சொல்லாத. தோல உரிச்சிருவாரு. சத்தியம் பண்ணு.”

“சரிடா.”

“கைல அடி.”

என் உள்ளங்கையில் அடித்தாள். சுள்ளி பொறுக்கிய கையில் கருவேலம் பிசினின் பிசுபிசுப்பு.

அடுத்த மூன்று நாட்களும் எனக்குக் கனவுபோலவே போயின, கெட்ட கனவு. வியாழக்கிழமை பார்த்து எங்கள் குடும்பம் அழகர்கோவிலுக்குப் புறப்பட்டது. மலையடியில், பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதியில், சந்தனம் அப்பிய இரண்டு பெரிய கதவுகள் சாத்தியிருக்கும். அதன் முன்னால் பொய் சொன்னவன் வீடு போய்ச் சேர மாட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா கும்பிடச் சொன்னார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘நான் இன்னும் பொய் எதுவும் சொல்லவில்லை சாமி, கேட்டால்தானே சொல்வேன்’ என்று வாதாடினேன். வெளியே வந்து உட்கார்ந்தால் ஒரு குரங்கு நேராக வந்து என் கையிலிருந்த புளிசாதப் பொட்டலத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. அத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் வர வேண்டும்? மலை பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. மரங்களுக்குள் கருப்பசாமி என் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா ரேஷன் கடையில் வரிசையில் நின்றிருந்தாள். பன்னிரண்டு மணி இருக்கும். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் படுக்க வைத்திருந்தது. தொலைபேசி அடித்தது.

“அப்பா இருக்கிறாரா?” எங்கள் மொழியில் கேட்டது நூல் கடை முதலாளியின் குரல். இருமி இருமிப் பேசுவார்.

“இல்லை.”

“அம்மா?”

“இல்லை.”

“சரி, நீயே சொல். இங்கே ஒரு பெண் வந்திருக்கிறாள். கொத்தனார் மகள் என்கிறாள். நன்றாக டைப் அடிக்கிறாள். யார் சொல்லி வந்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு நம்பர் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பெண்ணா?”

காது சூடானது. வயிறு பேசியது. மாட்டிக்கொண்டோம், எல்லாம் தெரிந்துவிட்டது, சாயங்காலம் தோல் உரியப்போகிறது.

“தெரியாது,” என்றேன்.

“தெரியவே தெரியாதா?”

“தெரியவே தெரியாது.”

“நினைத்தேன். யாரோ எங்கேயோ நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். சரி, வைத்துவிடு.”

வைத்துவிட்டேன். உறையையும் இழுத்து மூடினேன். பிழைத்தேன் என்று ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தேன். மிகவும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக ஞாபகம்.

சாயங்காலம் அத்தை மகள் இனிப்போடு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது.

“என்னோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள், மாமா. மழை பெய்கிற மாதிரி அடித்தாள். போச்சு என்றுதான் நினைத்தேன். முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டு ஏதோ கேட்டார், பிறகு அனுப்பிவிட்டார்.”

“நன்றாக அடிக்கிற பெண்ணுக்கு வேறு எங்காவது கிடைக்கும்,” என்றார் அப்பா, அரை ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு.

அடுத்த நாளிலிருந்து ஜன்னலடி காலியாக இருந்தது. அக்கா வரவில்லை. எனக்கு நிம்மதி, பிறகு ஒரு மாதிரி இருந்தது, பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் கொத்தனார் மட்டும் வந்தார். எங்கள் பின்சுவரில் சாத்திவைத்திருந்த சாரக் கம்புகளை எடுத்துப் போக வந்திருந்தார்.

“பொண்ணுக்கு வேலை ஏதும் ஆச்சாய்யா?” என்றார் அப்பா.

“கீழவாசல் நூல் கடைக்குப் போச்சுங்கய்யா. ஆள் தெரியணும்னுட்டாக. திருப்பூருக்கு அனுப்புறோம்.”

அப்பா நிஜமாகவே பதறிவிட்டார். “நூல் கடைக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போன் போட்டுச் சொல்லியிருப்பேனே!”

கொத்தனார் கம்புகளைத் தோளில் தூக்கியபடியே அப்பாவை வெகு நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. “சரிங்கய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். கம்புகளின் நுனிகள் வெயிலில் ஆடிக்கொண்டே போயின.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. அத்தை மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த வருடம் அவள் சொல்லி அவள் தம்பி கடைக்குள் வந்தான். அவன் சொல்லி அவன் மைத்துனன். படிப்பை முடித்துவிட்டு நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் மூன்று பேரும் சொல்லி, நான். முதலாளி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இன்னார் மகன்தானே?” அங்கிருந்து கணக்கு, அங்கிருந்து மேலாளர், அங்கிருந்து சொந்த வீடு. இன்றைக்கு வாட்ஸாப்பில் எங்கள் ஆட்கள் குழு ஒன்று இருக்கிறது. எந்த அலுவலகத்தில் எந்த நாற்காலி காலியாகப்போகிறது என்பது, அதில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். என் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தது அந்த வழியில்தான். நாங்கள் யாரையும் தள்ளிவிடவில்லை. ஒருவரை ஒருவர் கைதூக்கிவிட்டோம், அவ்வளவுதான். தள்ளாமலேயே ஓர் ஆள் கீழே நிற்க முடியும் என்பது எனக்குப் புரிய நாற்பது வருடமும் ஆரப்பாளையம் பஸ் நிலையமும் தேவைப்பட்டன.

போன வருடம் அங்கே தேனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மத்தியானம். வெயிலில் பஸ்கள் புகைபோல ஆடின. திருப்பூர் பஸ் நிற்கிற பக்கமிருந்து நரைத்த தலை ஒன்று மிதந்து வந்தது.

“ஏய், போன் வீட்டுத் தம்பிதான நீ?”

விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பையின் காதில் தட்டிக்கொண்டிருந்தன.

உசிலம்பட்டியில் ஒரு விசேஷத்துக்கு வந்து திரும்புகிறாளாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்து, இப்போது தையல் லைனுக்கு சூப்பர்வைசர். தங்கை, சித்தப்பா பிள்ளைகள், மகள், மருமகள், தெருவே அவள் பின்னால் அங்கேதான் போனது. “எங்காளுகள நான் ஒருத்தரையும் சும்மா விடல. அம்புட்டுப் பேரையும் மெஷின்ல உக்கார வச்சுட்டேன்” என்று சிரித்தாள்.

“அப்பா இருக்காகளா?”

“போயிட்டாருக்கா. ஆறு வருஷம் ஆச்சு.”

“அடப்பாவமே.” பையைக் கீழே வைத்தாள். “அவுக மேல எனக்கு ரெம்ப நாளு கோவம் இருந்துச்சுப்பா. நூல் கடைக்காரரு என்னைய எதுத்தாப்புல உக்கார வச்சுட்டுத்தான் போன் போட்டாரு. விரலு போற எடத்தப் பாத்தே உங்க வீட்டு நம்பருன்னு தெரிஞ்சிருச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. நானும் வாயத் தொறக்கல, உனக்குச் செஞ்ச சத்தியமும் போகல, அவுக சொல்லிக் காப்பாத்திருவாகன்னு நெனச்சேன். உங்க பாஷையில ரெண்டு வார்த்த பேசிட்டு வச்சுட்டாரு. ‘அந்த வீட்டுல உன்னையத் தெரியாதாமேம்மா’ன்னாரு. எங்கப்பாரு கட்டுன வீடு.”

காது சூடானது. வயிறு பேசியது.

“போகட்டும், பெரிய மனுசரு. என்ன சங்கடமோ,” என்றாள்.

“மனசுல வச்சுக்காதீங்கக்கா,” என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது. செத்துப்போன மனிதர், மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியம்.

“பிள்ளைக என்ன பண்றாக?”

பெங்களூர் என்று சொல்ல வேண்டியதுதானே? எப்படிக் கிடைத்தது என்று அடுத்த கேள்வி வந்துவிட்டால்? உளறினேன். “ஒரு மகன்தான்க்கா. வேலை தேடிக்கிட்டிருக்கான்.”

“ஐயோ, பாவம்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்புகிற அவசரத்தில் என் நம்பரை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம் என் கைபேசி அடித்தது. அந்தப் பக்கம் நூறு மெஷின்கள் ஒன்றாக ஓடும் இரைச்சல். அதற்கு மேலே அவள் கத்தினாள்.

“தம்பி! எங்க மேனேஜர்கிட்ட உம் மகனப் பத்திச் சொல்லிட்டேன். ஆபீஸ்ல ஒரு எடம் இருக்கு. பையன் எப்பிடின்னு கேட்டாரு. எனக்கு நல்லாத் தெரிஞ்ச குடும்பம் சார், நான் பொறுப்புன்னுட்டேன். எப்ப அனுப்புற?”

காது, வயிறு, எல்லாம் வரிசைப்படி வந்து நின்றன. வாய் தன் பங்குக்கு ஒரு பொய்யைத் தேடியது. கிடைக்கவில்லை.

“அக்கா,” என்றேன். “அன்னைக்கு அந்த போன் வந்தப்ப அப்பா வீட்டுல இல்ல.”

“என்னது? கேக்கல!”

“அப்பா இல்ல. வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன்.”

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவள் வாயை போனிலிருந்து தள்ளிவைத்து, “ஏய், கொஞ்சம் நிறுத்துங்கடி,” என்பது கேட்டது.

ஒவ்வொன்றாக நின்றன.